இரண்டு கணவர்கள், ஒரே குரல்

இந்த வீட்டில் ஒரு முறையாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலை நான் முடிவு செய்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முடிவு அன்றைக்கே முடிந்து போயிருக்கும். இதற்கெல்லாம் ஆள்பலம் வேண்டும். அதைச் சேர்க்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று இருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

வெளியில் நான் அப்படி இல்லை. வெளியில் நான் பேசித்தான் பிழைக்கிறேன். மருந்துக்கடைக்கு மேல் மாடியில், பெஞ்சுகள் ஆட்டம் கண்டுவிட்ட ஓர் அறையில், மாலை நேரத்தில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள். அதற்காக நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அவர்கள் எழுந்து நின்று அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து மாறக்கூடாது. நடுவில் கேள்வி கேட்கக்கூடாது. சந்தேகம் எல்லாம் கடைசியில். "அர்த்தம் அப்புறம் புரியட்டும், முதல்ல வாயில ஏறட்டும்" என்பது என் கொள்கை. அங்கே நான் சொன்னதை ஒரு கூட்டமே திருப்பிச் சொல்கிறது. வீட்டில் நான் சொன்னதை நானே திருப்பிச் சொன்னாலும் யார் காதிலும் விழுவதில்லை.

என் மனைவிக்கு பிஸ்கட் கம்பெனியில் வேலை. பெல்ட்டில் ஓடி வரும் பிஸ்கட்டுகளில் உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். உடைந்தவற்றை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முழு பிஸ்கட்டை நாங்கள் விருந்துக்குப் போன வீடுகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் என் மனைவி நிற்பாள். அந்தப் பக்கம் எங்கள் எதிர்வீட்டு அக்கா. மெஷின் போடுகிற சத்தத்தில் அங்கே பேசினால் பேசுகிறவருக்கே கேட்காது. அதனால் இருவரும் உதட்டசைவிலும் புருவத்திலுமே எல்லாம் பேசப் பழகிவிட்டார்கள். புருவத்தை ஒரு தூக்குத் தூக்கினால் அதற்குள் ஒரு முழுக் குடும்பக் கதை இருக்கும்.

அந்த எதிர்வீட்டு அக்கா என் மனைவியைத் தங்கச்சி என்பாள். என்னை அண்ணா என்பாள். உறவுமுறையைக் கூட்டிப் பார்த்தால் நானும் என் மனைவியும் ஒருவருக்கொருவர் என்ன ஆகிறோம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் லிஃப்ட்காரர் என்பேன். கம்பெனியில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வரச் சொன்னதால் என் வகுப்புக்கு வருகிறார். வகுப்பில் அவர்தான் முதல். பட்டனை அழுத்தினால் அதே மாடியில் போய் நிற்பதுபோல, என்ன சொல்லிக் கொடுத்தாலும் ஓர் எழுத்துக் குறையாமல் திருப்பிச் சொல்வார்.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். பிஸ்கட் கம்பெனி புது மெஷின் வாங்குகிறது. அதைப் பழகிக்கொள்ள இரண்டு பேரைத் தலைமைத் தொழிற்சாலைக்கு ஒரு மாதம் அனுப்பப் போகிறார்கள். திரும்பி வந்தால் சூப்பர்வைசர் பதவி. உட்கார்ந்து பார்க்கிற வேலை. தேர்ந்தெடுத்த இரண்டு பேர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை என் மனைவி இதைச் சொன்னபோது கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் வேலைவிட்டு வந்ததும் அப்படித்தான் உட்காருவாள். பகல் முழுக்க நின்ற கால் அவளுக்கு. அவள் "போறேன்" என்று சொல்லவில்லை. "போகட்டுமா" என்றும் கேட்கவில்லை.

"நீங்க என்ன நினைக்கறீங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள சம்மதம்னு பேர் குடுக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

என்னை யோசிக்கச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலையை அவள் என்னிடம் கொடுத்ததே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நிமிடமே, ஒரு மாதம் அவள் இல்லாத வீடு கண்ணில் தெரிந்தது. நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கிவிட்டது. என் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும்; அதற்கப்புறம் என்ன செய்வார்கள் என்று தெரியாது. அவளுடைய கால் வலியும் எனக்குத் தெரியும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெரிந்தும்தான் அவளைப் போகவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். போகாதே என்று தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. ஆள்பலம் என்றேனே, அது இதற்காகத்தான்.

அந்தத் திங்கட்கிழமை மாலை வகுப்பில் நடத்த வேண்டியிருந்த சொற்றொடர், 'ஸ்பீக் வித் ஒன் வாய்ஸ்'. ஒரே குரலில் பேசுவது. கரும்பலகையில் எழுதிவிட்டு விளக்கினேன். ஒரு குழுவில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஒரே கருத்தை வெளியே சொன்னால் இப்படிச் சொல்லலாம். உள்ளே அவர்களுக்குள் எத்தனை சண்டை வேண்டுமானாலும் இருக்கலாம். வெளியே வந்து நின்றால் ஒரே பேச்சு. முதலாளியிடம் போகிற தொழிலாளர் சங்கம் அப்படிப் பேசும். தனி ஆள் ஒருவருக்கு இதைச் சொல்லக்கூடாது. நாலு பேர் சேர்ந்து பாடினாலும் சேர்ந்து கத்தினாலும் சொல்லக்கூடாது. ஆளாளுக்கு வார்த்தை வேறாக இருக்கலாம். எண்ணம் ஒன்றாக இருக்க வேண்டும். இதையெல்லாம் என் வாயால் நானே சொன்னேன் என்பதை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஞாபகம் இல்லாமல் போய்விட்டது.

கடைசியில் சந்தேக நேரம் வந்தது. லிஃப்ட்காரர் எழுந்தார்.

"சார், புருஷன் பொண்டாட்டிக்கு இதைச் சொல்லலாமா?"

"இலக்கணப்படி சொல்லலாம். நேர்ல நான் கேட்டதில்லை" என்றேன்.

"சரி சார், ரெண்டு புருஷனுங்களுக்கு?"

என் கையில் இருந்த சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது. நான் தேடிக்கொண்டிருந்த ஆள்பலம் மூன்றாவது பெஞ்சில் எழுந்து நிற்கிறது.

வகுப்பு முடிந்து இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். அவருடைய கவலையும் என் கவலைதான். அவர் வீட்டில் இரண்டு பையன்கள். இருவரும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். மனைவியும் ஒரு மாதம் போய்விட்டால் வீட்டில் பேச்சுக்குரல் என்று எதுவும் இருக்காது என்றார். ஊரில் உள்ள லிஃப்டுகளில் எல்லாம் 'கதவு மூடுகிறது' என்று சொல்ல ஒரு குரலாவது இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடியது. எனக்கும் என்னமோ போல் ஆகிவிட்டது.

டயர் கடை வாசலில் நின்று திட்டத்தைச் சொன்னேன். இரண்டு வீட்டிலும் ஒரே காலையில், ஒரே பேச்சு. இங்கே ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி பேசினால் பெல்ட்டில் வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் ஓட்டையே இருக்காது. அவர் எனக்குக் கை கொடுத்தார். அங்கேயே பாடத்தைத் தொடங்கினேன்.

"நீ போறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை."

"நீ போறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்றார் அவர்.

"உன் முன்னேற்றம்தான் என் முன்னேற்றம்."

திருப்பிச் சொன்னார்.

"ஆனா நம்ம பொண்ணுக்குப் பரீட்சை வருது. இந்த நேரத்துல அம்மா பக்கத்துல இல்லேன்னா அவ மனசு என்ன ஆகும்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சார், அந்த மூணாவது வரியில..."

"சந்தேகம் எல்லாம் கடைசியில" என்றேன்.

திருப்பிச் சொன்னார். நன்றாகவே சொன்னார். குரலில் ஒரு நடுக்கம்கூட வைத்திருந்தார். டயருக்குக் காற்றடிக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்து, யாரோ ஒரு பெண்ணுக்குப் பெரிய ஆபத்து என்று நினைத்துக்கொண்டு விலகி நின்றார்கள். "என்னைப் பத்தி எனக்குக் கவலை இல்லை" என்ற கடைசி வரிவரைக்கும் பல தடவை சொல்ல வைத்தேன். அதற்குள் வீடு வந்துவிட்டது. சந்தேக நேரம் வரவே இல்லை.

மறுநாள் காலை டீயோடு அவள் உட்கார்ந்ததும் பேசினேன். எங்கேயும் தடுக்கவில்லை. எங்கள் பெண் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குப் பரீட்சை வருகிறது என்பது உண்மைதான். எப்போதும் ஏதாவது ஒரு பரீட்சை வந்துகொண்டேதான் இருக்கும். என் மனைவி முழுவதும் கேட்டாள். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாப் பேசுனீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தேன். லிஃப்ட்காரர் ஜன்னலில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருடைய விரல் பாதி வழியிலேயே நின்றுவிட்டதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பகல் முழுக்க எனக்குள் ஒரே பாட்டுதான்.

மாலையில் வகுப்புக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு படீரென்று திறந்தது. எதிர்வீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் லிஃப்ட்காரர். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் மாதிரி வாசற்படியில் நின்றார்.

"அண்ணா, எனக்கு நியாயம் கேட்க உங்களை விட்டா யாரு இருக்கா? இவருக்கு ஒரு பொண்ணு இருக்காம்."

எனக்குச் சட்டைப் பொத்தான் கையில் வந்துவிட்டது.

"நானும் ரெண்டு பெத்தேன். ரெண்டும் பையன். பெத்தவளுக்குத் தெரியாதா? காலையில எழுந்து, நம்ம பொண்ணுக்குப் பரீட்சை வருதுங்கறார். கண்ணுல தண்ணி வேற. எந்தப் பொண்ணு, எந்த ஊர்லன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறார்."

நான் லிஃப்ட்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த மூணாவது வரி என்று அவர் எதற்காகத் தயங்கினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் மனைவி அக்காவுக்கு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு நிதானமாக விசாரிக்க ஆரம்பித்தாள். பெண்ணுக்கு என்ன வயசாம் என்று கேட்டாள். பரீட்சை எழுதுகிற வயசு என்றாள் அக்கா. அண்ணன் லிஃப்ட் பார்க்க எத்தனையோ கட்டடத்துக்குப் போகிறவர் ஆயிற்றே என்று என் மனைவி பெருமூச்சு விட்டாள். அக்காவின் அழுகை ஒரு மாடி ஏறியது.

நான் நடுவில் புகுந்தேன். "அவர் ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பாரும்மா."

"வாய் தவறி ஒரு பொண்ணு பிறக்குமா அண்ணா?"

அந்த வழி அடைபட்டது. வேறு வழியாக நுழைந்தேன். "எங்க பொண்ணைத்தான் சொல்லியிருப்பார். அவளும் அவருக்குப் பொண்ணு மாதிரிதானே."

இப்போது என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அப்படியா? அம்மா பக்கத்துல இல்லேன்னா அவ மனசு என்ன ஆகும்னு அக்காகிட்ட கேட்டிருக்காரே. அதுல வர்ற அம்மா யாரு? நானா?"

லிஃப்ட்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நுழைந்த வழி நேராக என் வீட்டு நடுக்கூடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

அக்கா எழுந்தாள். இனி ஒரு நிமிடம் இருக்க மாட்டேன், பெரியவன் வீட்டுக்கே போய்விடுகிறேன், ஒரு மாதம் இல்லை, ஒரேயடியாக என்றாள். அதைக் கேட்டதும் லிஃப்ட்காரரின் உதடு துடித்தது. அப்போதுகூட அந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நடுவில் கேள்வி கேட்காதே என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். நடுவில் பதில் சொல்லலாம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். "எங்க வீட்டுக்கு எழுதின பேச்சு. அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டார். அவருக்குப் பொண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை. தப்பு என்னுது."

அக்கா முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தாள். கண் காய்ந்திருந்தது. காலையிலிருந்தே காய்ந்துதான் இருந்திருக்கும். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மேஜை மேல் இருந்த டப்பாவைத் திறந்து, ஓர் அரை பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். என் மனைவியைப் பார்த்துப் புருவத்தை ஒரு தூக்குத் தூக்கினாள். என் மனைவியும் தூக்கினாள்.

நடந்தது இதுதான். காலையில் பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் நின்று என் மனைவி, 'நீ போறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை' என்று உதட்டை அசைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, 'உன் முன்னேற்றம்தான் என் முன்னேற்றம்' என்று அசைத்திருக்கிறாள். கடைசி வரிவரைக்கும் ஆளுக்கு ஒரு வரியாகச் சொல்லி முடித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். அந்தச் சிரிப்பில் பொறுக்காமல் விட்ட உடைந்த பிஸ்கட் அன்றைக்கு ஊரில் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ, அந்தப் பாவம் என்னுடையது.

"ஏம்ப்பா, என்னை ஏன் இதுல இழுத்தீங்க?" என்றாள் உள்ளறையிலிருந்து வந்த என் பெண், காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு. "ஆனா ஒண்ணு. பரீட்சைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனி ஒரு மாசம் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிடக் கூடாது."

என் மனைவி அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பொண்ணு மனசு இருக்கட்டும். உங்க மனசு என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க. மனப்பாடம் பண்ணாம சொல்லுங்க."

பாடம் நடத்துகிறவனுக்கு வாக்கியம் கிடைக்கவில்லை. எப்படியோ ஆரம்பித்தேன்.

"சக்கரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. அது பெரிசில்லை, தேடிக்கலாம். நான் பேசறது உன் காதுல விழறதில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ இருக்கறதாலதான் பேசிட்டு இருக்கேன். நீ இல்லாத வீட்டுல வந்து நான் என்ன செய்வேன்?"

லிஃப்ட்காரர் வாசலிலிருந்து, "எனக்கும் வீடு வெறிச்சுனு ஆயிடும்" என்றார். என் திட்டத்தில் சேர்ந்ததிலிருந்து அவர் தன் மனைவியிடம் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அக்கா கடித்த பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். இந்தத் தடவை அவள் கண் காய்ந்திருக்கவில்லை.

என் மனைவி என் சட்டையில் பொத்தான் போன இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். "காது கேட்காம இல்லைங்க. எல்லாம் கேட்குது. இதை நீங்க முதல்லயே சொல்லியிருந்தா..." என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. "சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?"

"போயிருப்பேன். கொஞ்சம் அழுதுட்டுப் போயிருப்பேன்."

அவள் கால்களைப் பார்த்தேன். வெந்நீரில் இன்னும் வைக்கவில்லை. நியாயம் கேட்க வந்தவளை விசாரித்ததில் நேரம் போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் வெந்நீர் வைத்தேன். அது எனக்குத் தெரிந்த வேலைக்குள்தான் வரும். அடுப்பைப் பற்றவைத்தால் போதும். வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தாராளமாப் போயிட்டு வா. வெள்ளிக்கிழமை பேர் குடுத்துடு" என்றேன்.

"பேர் போன வாரமே குடுத்தாச்சு" என்றாள், காலை உள்ளே விட்டுக்கொண்டே.

"அப்புறம் எதுக்கு என்னை யோசிக்கச் சொன்னே?"

"கேட்டா சந்தோஷப்படுவீங்களேன்னுதான்."

அன்று வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன். 'ஒரே குரல்' பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தினேன். ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி விசாரிப்பாள், மூன்றாமவள் பரீட்சைக்குப் படிப்பாள். ஒரு வார்த்தைகூட ஒத்துப்போகாது. ஆனால் மூன்று பேரும் சொல்வது ஒன்றே ஒன்றாக இருக்கும், அதற்குத்தான் இந்தச் சொற்றொடர் என்றேன். இவ்வளவு தெளிவான உதாரணம் எங்கே கிடைத்தது என்று மாணவர்கள் கேட்டார்கள். லிஃப்ட்காரர் மட்டும் கேட்கவில்லை.

அவர்கள் கிளம்பும் நாள் வந்தது. ஒரு மாதத்துக்கு இரண்டு ஆண்களும் எங்கள் சமையலறையில் சேர்ந்து சமைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் எங்கள் இருவரையும் யோசிக்கச் சொல்லவில்லை. சர்க்கரை டப்பாவை என் மனைவி என் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினாள். தினமும் நான் தலையில் இடித்துக்கொள்கிற அலமாரிக்குள்தான் அது இருந்தது. பஸ் நகர்ந்தபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். கொஞ்சம் அழுதாள். நானும்தான்.

அன்று மாலை நானும் லிஃப்ட்காரரும் சோறு வைத்தோம். அதில் மேலே இருந்தது அரிசி, கீழே இருந்தது கரி. சோறு என்று சொல்லத்தக்கது நடுவில் எங்கேயும் இல்லை. பெண் எட்டிப் பார்த்துவிட்டு, பரீட்சை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இருவரும் உடைந்த பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அப்போது என் போன் அடித்தது. உடனே அவருடையதும் அடித்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் என் மனைவி. போன இடத்தில் அவள் எங்களை நினைத்துக் கவலைப்படக் கூடாது.

"திருப்தியாச் சாப்பிட்டேன். சோறு பூப்பூவா வந்திருக்கு. நீ கவலைப்படாம மெஷினைக் கவனி" என்றேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் தன் போனில் சொன்னார்: "திருப்தியாச் சாப்பிட்டேன். சோறு பூப்பூவா வந்திருக்கு. நீ கவலைப்படாம மெஷினைக் கவனி."

ஓர் எழுத்து மாறவில்லை.

இரண்டு போனிலும் ஒரே சிரிப்புக் கேட்டது. இருவரும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஏங்க," என்றாள் என் மனைவி, "பொய்யையாவது ஆளுக்கு ஒண்ணாச் சொல்லுங்க."